கேஸ் ஏன் குறைந்தது?

குளிர் தரும் கைகள் – 9

ஏப்ரல் பிறந்துவிட்டால் சென்னையில் ஏசி மெக்கானிக்கின் போன் ஓயாது. அழைப்பவர்களில் பலர் கோளாறையும் தீர்வையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். “தம்பி, ஏசி கூலிங் இல்ல. போன வருஷமும் கேஸ் போட்டோம். இந்த வருஷமும் வந்து போட்டுட்டுப் போங்க.”

கம்ப்ரசர், கண்டென்சர், கேபிலரி, கூலிங் காயில் என்று கேஸ் சுற்றிவரும் பாதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அது மூடிய பாதை. அறையின் வெப்பத்தை வாங்கி வெளியே கொட்டிவிட்டு அதே கேஸ் திரும்பி வருகிறது. வண்டிக்குப் போடும் பெட்ரோல் போல அது எரிந்து தீர்வதில்லை. பத்து வருஷம் ஓடினாலும் முதல் நாள் இருந்த கேஸே போதும். அது குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் மேலே கேஸ் ஏற்றுவதை ரிப்பேர் என்று சொல்லவே கூடாது.

பிசுக்கு காட்டும் இடம்

கூலிங் குறைந்தாலே கேஸ் குறைந்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. பில்டரில் தூசி அடைத்தாலும், கெப்பாசிட்டர் வலுவிழந்தாலும், அவுட்டோர் காயிலில் அழுக்கு ஏறினாலும் கூலிங் போகும். கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருப்பதைப் பார்த்து, நன்றாகக் குளிர்கிறது என்று மகிழ்பவர்களும் உண்டு. உண்மையில் அது கோளாறின் அடையாளம். காற்றோட்டம் குறைந்தாலும் ஐஸ் கட்டும். கேஸ் கசிந்து பிரஷர் இறங்கினாலும் ஐஸ் கட்டும். இரண்டில் எது என்று சோதித்துச் சொல்பவரே மெக்கானிக்.

லீக் தேடும்போது கண் முதலில் போக வேண்டிய இடம், காப்பர் பைப்பை யூனிட்டோடு இணைக்கும் ஃபிளேர் நட். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் சுற்றிக்கொண்டே இருக்கும். கேஸ் கசிகிற இடத்தில் அந்த ஆயிலும் கசிந்து, தெருத்தூசி ஒட்டி, கறுப்பாகப் பிசுக்குப் பிடித்திருக்கும். நட்டைக் கழற்றி, காப்பர் பைப்பின் விரிந்த வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரியும். மயிரிழை போல ஒரு வெடிப்பு, பைப்பை வெட்டியபின் சுரண்டாமல் விட்ட பிசிறு, அல்லது அளவுக்கு மீறி முறுக்கியதில் மெலிந்துபோன விளிம்பு. மாட்டிய அன்று மிச்சம் பிடித்த இரண்டு நிமிடத்துக்கு வீட்டுக்காரர் வருஷா வருஷம் பணம் கட்டுகிறார்.

கண்ணுக்குச் சிக்காத லீக்குக்கு நைட்ரஜன் வேண்டும். அதை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, கேஜ் முள் இறங்குகிறதா என்று காத்திருக்க வேண்டும். சாக்கடை வாயு அதிகமுள்ள பகுதிகளில் காப்பர் கறுத்து ஊசித்துளை விழும். அங்கே நுரை மெள்ளத்தான் கொப்புளிக்கும். அவசரப்பட்டால் அது தப்பிவிடும்.

நைட்ரஜன் கையில் இல்லை என்று ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உயர் அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் ஆயிலும் சேர்ந்தால், நெருப்பே காட்டாமல் வெடிக்கும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன. இதைப் படிக்கிற இளம் மெக்கானிக் தம்பிகளைக் கைகூப்பிக் கேட்கிறேன்: நைட்ரஜன் வரும்வரை வேலையை நிறுத்தி வையுங்கள்.

முள் இறங்கியபின்னும்

லீக்கை அடைத்தாகிவிட்டது. பைப்புக்குள் இப்போது காற்றும் ஈரமும் இருக்கும். ஈரம் கேபிலரியில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆயிலோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரசரின் காயில் சுற்றை அரிக்கும். அதை வெளியேற்றத்தான் வேக்கம் போடுகிறோம்.

நாம் வாழும் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதை 30 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால், 30 டிகிரி சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். வேக்கம் பம்ப் அதற்கும் கீழே, அரை மில்லிமீட்டர் வரை இறக்குகிறது. இதைத்தான் 500 மைக்ரான் என்கிறோம். சாதாரண கேஜில் முள் சில நிமிடங்களில் கடைசிக் கோட்டைத் தொட்டுவிடும். உடனே ஹெல்ப்பர் பையன் கேட்பான்: “அண்ணே, முள்ளு இறங்கிடுச்சு, கேஸ் விட்டுடலாமா?” விடக்கூடாது. அந்த முள் உள்ளே இருக்கும் ஈரத்தைக் காட்டாது. பம்ப் இன்னும் ஓட வேண்டும். பிறகு வால்வை மூடி, மைக்ரான் கேஜில் எண் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின், அவுட்டோர் யூனிட்டின் லேபிளில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அதைத் தராசில் எடை போட்டு ஏற்ற வேண்டும்.

கேஸ் மாறிவிட்டது

முன்பு எங்கும் ஆர்-22தான். ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியில் அது படிப்படியாக விலக்கப்படுகிறது. அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ, 2,088 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஆர்-32-க்கு அந்த எண் 675. ஆர்-290 என்கிற புரொபேனுக்கு வெறும் 3.

பூமிக்கு இது நல்ல செய்தி. ஆனால் மெக்கானிக்கின் கை அதற்கேற்ப மாற வேண்டும். ஆர்-32-ன் பிரஷர், ஆர்-22-ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அது மிதமாகத் தீப்பற்றும். புரொபேனோ சமையல் கேஸில் இருக்கிற அதே பொருள். பைப்பிலிருந்து கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுகிற பழைய பழக்கத்துக்கு இனி இடமில்லை.

மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம், ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தது. நல்ல இலக்கு. ஆனால் படித்ததைச் செய்து காட்ட நேரம் வேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை சர்வீஸ் கால் முடித்தோம் என்பதை வைத்தே பலருக்குச் சம்பளம். நைட்ரஜனுக்கும் வேக்கத்துக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. அரை மணியில் டாப் அப் போட்டுக் கிளம்புகிறவருக்குக் கிடைக்கும் காசுதான், மூன்று மணி நேரம் நின்று லீக்கை அடைப்பவருக்கும் கிடைக்கிறது என்றால், நேர்மையான கை எத்தனை நாள் நேர்மையாக இருக்கும்?

எனவே வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கேஸ் குறைவு என்று மெக்கானிக் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். லீக் எங்கே இருக்கிறது? வேக்கம் எவ்வளவு நேரம் போடப் போகிறீர்கள்? எடை போட்டு ஏற்றுவீர்களா? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்பவர் அரை நாள் கேட்டால் கொடுங்கள். அந்த அரை நாளுக்கான கூலியையும் பேரம் பேசாமல் கொடுங்கள். அடுத்த ஏப்ரலில் அவரை நீங்கள் கூப்பிட வேண்டியிருக்காது.

(தொடரும்)

அடுத்த வாரம்: மீன்பிடித் துறைமுகங்களின் ஐஸ் ஃபேக்டரிகளும் அம்மோனியாவும்