கடைக் கணினிக்கும் ஓர் ஒத்திகை

விலை கூடிய துணியில் கத்தரிக்கோலை வைப்பதற்கு முன், எங்கள் தாய்மார் பழைய துணியொன்றில் வெட்டிப் பார்ப்பதுண்டு. வியாபாரக் கணினிக்கும் அதே முன்யோசனை தேவை என்பதை, தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் மாணவி என்ற வகையில் இங்கு விளக்க விரும்புகிறேன்.

இன்று பல கடைகளில் பற்றுச்சீட்டு, கையிருப்பு, கடன் கணக்கு யாவும் ஒரே மென்பொருளில் அடங்கியுள்ளன. 2024 ஜனவரி 1ஆம் திகதி நமது நாட்டில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. வரிக்குப் பதிவு செய்த கடைகள் கணினியிலும் அதனை மாற்ற வேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றுவது எளிது. ஆனால், டிசம்பரில் விற்ற பொருள் ஜனவரியில் திரும்பி வந்தால் கணினி எந்த வீதத்தைக் கழிக்கும்? வரிவிலக்குள்ள பொருளிலும் வரி சேர்ந்துவிடுமா? பழைய பற்றுச்சீட்டை மீண்டும் அச்சிட்டால் தொகை மாறுமா? வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது இவற்றுக்கு விடை தேட முடியாது. முன்கூட்டியே தேடுவதற்கான இடம்தான் "சோதனைச் சூழல்".

அதனை அமைப்பது எப்படி?

முதலில், வேறொரு கணினியில் அதே மென்பொருளின் அதே பதிப்பை நிறுவ வேண்டும். அடுத்து, காப்புப்பிரதியிலிருந்து தரவுகளை அதில் ஏற்ற வேண்டும். காப்புப்பிரதி ஒழுங்காகத் திறக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். மூன்றாவதாக, வாடிக்கையாளரின் பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் கற்பனையானவையாக மாற்ற வேண்டும். அவை நம்மை நம்பித் தரப்பட்ட அமானிதம். நான்காவதாக, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், வங்கி இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால், சோதனைக்காக எழுதிய கடன் நினைவூட்டல் உண்மையான ஒருவரின் கைக்குப் போய்விடும். கடைசியாக, திரையின் நிறத்தையும் கடவுச்சொல்லையும் வேறாக்க வேண்டும். எந்தக் கணினியில் இருக்கிறோம் என்ற குழப்பம் ஏற்படாது.

நாளாந்தம் பற்றுச்சீட்டு எழுதும் காசாளரே அதில் பழகிப் பார்ப்பது நல்லது. அவர் கண்ணில் படும் பிழை பொறியியலாளர் கண்ணில் படாமல் போகலாம்.

சோதனைச் சூழல் உண்மைச் சூழலை ஒத்திருப்பதும் அவசியம். பிரித்தானியாவின் டீ.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் புதிய கணினி முறைக்கு மாறியபோது, சுமார் 19 இலட்சம் வாடிக்கையாளர்கள் தம் கணக்குகளைப் பார்க்க முடியாமல் தவித்தனர். இரண்டு தரவு நிலையங்கள் இருந்தும், சுமையைத் தாங்குமா என்ற சோதனை ஒன்றில் மட்டுமே நடந்திருந்தது என்பது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. 2022இல் அவ்வங்கிக்கு 48.65 மில்லியன் பவுண் அபராதம் விதிக்கப்பட்டது.

தோழிகளே, கணினித்துறை என்றால் நிரல் எழுதுவது மட்டுமல்ல. பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் சோதனையாளர் பணியும் மதிப்புள்ள ஒரு தொழிலே. பொறுமையும் "இப்படி நடந்தால் என்ன?" என்று கேட்கும் பழக்கமும் உள்ளவர்களுக்கு அது பொருந்தும்.

பெற்றோர்களே, மென்பொருள் விற்க வருபவரிடம் விலையை மட்டும் கேளாமல், "சோதித்துப் பார்க்கத் தனி ஏற்பாடு உண்டா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.