நீமன்-பிக் சி நோயும் மருந்துகளின் மறுபயன்பாடும்

நீமன்-பிக் சி என்பது அறிவாற்றலையும் உடலசைவையும் படிப்படியாகக் குன்றச் செய்யும் ஓர் அரிய மரபுவழி நோய் ஆகும். ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது. பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவதாலும், ஆல்சைமர் நோயில் உள்ளவை போன்ற டௌ புரத முடிச்சுகள் மூளையில் தோன்றுவதாலும் இது "குழந்தைப் பருவ ஆல்சைமர்" என்றும் அழைக்கப்படுகிறது. இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. இதன் வேகத்தைத் தணிக்கப் பயன்படுபவற்றுள் சில வேறு நோய்களுக்காக உருவாக்கப்பட்டவை.

நோய்க்காரணம்

நோயாளரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரிடம் 18ஆம் குரோமோசோமில் உள்ள என்பிசி1 என்னும் மரபணு பழுதுற்றிருக்கிறது. இது 1997இல் இனங்காணப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி வந்தால் மட்டுமே நோய் தோன்றும். உயிரணுவின் செரிமானப் பைகளான லைசோசோம்களிலிருந்து கொலஸ்ட்ராலை வெளியேற்றுவது இம்மரபணு தரும் புரதத்தின் பணியாகும். அது தவறும்போது கொலஸ்ட்ராலும், சர்க்கரை இணைந்த கொழுமியங்களும் உள்ளேயே தேங்கி நரம்பணுக்கள் மடிகின்றன. கண்களை மேலும் கீழும் விரைந்து அசைக்க இயலாமை முக்கிய அறிகுறியாகும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், விழுங்குதல் கடினமாகும், கற்றவை மறந்துபோகும்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்துகள் பயன் தரும் என எவரும் எண்ணுவது இயல்பே. அவற்றைக் கொடுத்துப் பார்த்தபோது இரத்தத்திலும் கல்லீரலிலும் கொலஸ்ட்ரால் குறைந்தது; நரம்பு நிலையில் பயன் தெரியவில்லை. இங்குள்ள சிக்கல் கொழுப்பின் மிகுதி அன்று, அது வெளியேறும் வழி அடைபட்டிருப்பதே.

மிக்லுஸ்டாட்

கோஷே என்னும் மற்றொரு கொழுமியத் தேக்க நோய்க்காக 2002இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இம்மருந்து ஒப்புதல் பெற்றது. சர்க்கரை இணைந்த கொழுமியங்களை ஆக்கும் நொதியை இது தடுக்கிறது, மூளைக்குள்ளும் புகுகிறது. அடைபட்ட வழியை இது திறப்பதில்லை. உள்ளே சேர்வதைக் குறைக்கிறது. 29 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையின் முடிவுகள் 2007இல் வெளியாயின. கண்ணசைவின் வேகமும் விழுங்கும் திறனும் ஓரளவு மேம்பட்டன. 2009இல் ஐரோப்பா நீமன்-பிக் சி நோய்க்கும் ஒப்புதல் அளித்தது. அமெரிக்காவோ 2010இல் சான்று போதாதென மறுத்தது. 2024 செப்டம்பரில்தான் அரிமோகுளோமால் என்னும் புதிய மருந்து, மிக்லுஸ்டாட்டுடன் சேர்த்து வழங்குவதற்கென அங்கு ஒப்புதல் பெற்றது.

சைக்ளோடெக்ஸ்ட்ரின்

இது மருந்தே அன்று, மருந்தைக் கரைக்கும் பொருள். எலிகளுக்கு ஒரு ஹார்மோனை இதில் கரைத்துச் செலுத்தியபோது நன்மை கிடைத்தது. அதன் பெரும்பகுதி கரைப்பொருளால் விளைந்தது எனப் பின்னர் தெரியவந்தது. எனினும் மனிதரிடம் நடந்த பெரிய சோதனையில் பயன் உறுதிப்படவில்லை. கேள்திறன் இழப்பு இதன் பக்கவிளைவாகும்.

அசெட்டைல்லியூசின்

பிரான்சில் 1957 முதல் தலைச்சுற்றலுக்கு வழங்கப்பட்டுவந்த மலிவான மருந்து இது. இதன் ஒரு வடிவமான லெவாசெட்டைல்லியூசின் 60 நோயாளரிடம் சோதிக்கப்பட்டு, 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அச்சோதனையில் மருந்து தரப்பட்ட காலம் 12 வாரங்களே. முதன்மையாக அளக்கப்பட்டது நடையின் தள்ளாட்டமும் உடலசைவின் ஒருங்கிணைவும் ஆகும். நினைவிழப்பை இது எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போடும் என்பதை அச்சோதனை அளக்கவில்லை.