சாரணச் சிறுவரின் குடும்ப விருந்து

சாரணப் படையில் சேர்ந்த சிறுவரும் அவர்தம் பெற்றோர், உடன்பிறந்தாரும் ஆண்டுக்கொருமுறை ஒன்றுகூடி உண்ணும் விருந்து, நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் புதிய வழக்கமாகத் தோன்றக்கூடும். பள்ளி விழாவுக்குச் சென்றால் நாற்காலியில் அமர்ந்து, பிள்ளை பரிசு பெறுவதைக் கண்டு, வீடு திரும்புவதே நாம் பழகிய முறை. இவ்விருந்தோ, பிள்ளையின் படையும் பிள்ளையின் வீடும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் நன்னாளாகும்.

அமெரிக்க நாட்டில் இது பெருவழக்கு. அங்கே சாரணர் சங்கம் 1910-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் தோன்றியது. அதனை நினைவுகூர்ந்து, குருளையர் எனப்படும் இளஞ்சிறாரின் படைகள் பிப்ரவரித் திங்களில் குடும்ப விருந்து நடத்துகின்றன. குருளையரின் நிறங்களாகிய நீலமும் பொன்னிறமும் விருந்துக்கே பெயராயின. பல ஊர்களில் வீட்டுக்கொரு பதார்த்தம் வந்து சேரும். சிறுவர் ஈட்டிய சின்னங்கள் பெற்றோர் முன்னிலையில் வழங்கப்படும்.

நம்மைப்போல் பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்தோர்க்கு இத்தகைய கூட்டம் இன்னும் இன்றியமையாதது. சொந்த ஊரில் ஒரு காதணி விழாவென்றால் மாமனும் சித்தப்பனும் பந்தலை நிறைப்பர். பள்ளுருத்தியிலும் மட்டாஞ்சேரியிலும் வளரும் நம் பிள்ளைக்கு அத்தனை உறவினர் அருகில் இல்லை. அவனுடன் முடிச்சுப் போடக் கற்கும் அணித்தோழரே அவனுக்கு உறவு.

ஆயினும் ஒரு குறையை ஒளிக்காமல் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதிப் படையொன்று இத்தகைய விருந்து நடத்தியது. தலைக்கு இவ்வளவு எனத் தொகை விதித்தோம். குமாஸ்தா வேலை பார்ப்பவர் என்பதால் பட்டியல் எழுதும் பணி நம்மிடமே வந்தது. பணம் தந்தவர் பெயருக்கு நேரே அடையாளமிட்டு, கணக்கு ஒரு காசும் தவறாமல் நேராக்கினோம். விருந்தன்று, படையில் முடிச்சுக் கலையில் முதல்வனாகிய சிறுவன் மட்டும் வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லியனுப்பியிருந்தான். பின்னரே உண்மை தெரிந்தது. தந்தை கடைத்தெருவில் சுமை தூக்குபவர். வீட்டில் ஆறு பேர். ஆறு பேருக்குரிய தொகையைக் கேட்டுத் தந்தையை வருத்த அப்பிள்ளைக்கு மனம் வரவில்லை. நம் பட்டியலில் கணக்கு சரியாயிருந்தது, பந்தி சரியாயில்லை.

சாரண இயக்கமே இத்தகைய விலக்கை எதிர்த்து வளர்ந்தது அன்றோ? பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் முதல் பாசறையை நடத்தியபோது, செல்வர் வீட்டுச் சிறுவரையும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரையும் ஒரே கூடாரத்தில் தங்கவைத்தார். 1909-இல் இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவருக்கே இடமிருந்தது. நம் சிறாருக்கென 1916-இல் சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையார் தனிச்சங்கம் கண்டார். பல பிரிவுகளும் 1950 நவம்பர் 7-இல் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றுபட்டன. சாரணன் எல்லோர்க்கும் நண்பன், சாரணர் யாவர்க்கும் உடன்பிறந்தான் என்பது அவ்வியக்கத்தின் விதிகளுள் ஒன்று. சிக்கனமும் மற்றொரு விதியே.

பந்தியின் பெருமையை நாம் தொலைவிற்சென்று கற்கவேண்டியதில்லை. நமக்கு வடக்கே, வைப்பின் தீவின் செறாயியில், 1917 மே 29-ஆம் நாள் சகோதரன் ஐயப்பன் அவர்கள் சாதி பாராத சமபந்தி உணவு நடத்தினார். அங்கே பரிமாறப்பட்டது பலாக்கொட்டையும் கடலையும் சேர்ந்த எளிய கறிதான். அதற்காகச் சமூக விலக்கும் ஏச்சும் ஏற்றார். அவ்வெளிய உணவை நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

ஆகவே அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் சில. விருந்துக்குத் தலைவரி வேண்டாம். இயன்றவர் அரிசியோ, தேங்காயோ, காய்கறியோ தரட்டும். யார் எவ்வளவு தந்தார் என்று பட்டியல் எழுதவேண்டாம். இயலாதவர் வெறுங்கையுடன் வரட்டும். பாசறையில் சமைக்கக் கற்ற சிறுவரே பெரியோர் மேற்பார்வையில் சமைக்கட்டும். சோறும் சாம்பாரும் அவியலும் பப்படமும் பாயசமும் போதும். ஆண்டு முழுதும் அடுப்படியில் நிற்கும் தாய்மார் அன்றேனும் இலைமுன் அமர, பிள்ளைகள் பரிமாறட்டும். சின்னம் பெறும் பிள்ளைக்கு அவன் தாயே அதைச் சட்டையில் குத்தட்டும். இரவுப்பணிக்குச் சென்ற தந்தையர்க்கு ஓர் இலைச்சோறு எடுத்துவைக்க மறவற்க.

முடிச்சில் முதல்வனான அச்சிறுவன் மறு ஞாயிறே பயிற்சிக்கு வந்து, வழக்கம்போல் இடக்கை நீட்டி நம்முடன் கைகுலுக்கினான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நாம்தாம் தலைநிமிர்ந்து அவனைப் பார்க்க இயலாது நின்றோம். இனி எந்த விருந்திலும் எந்தப் பிள்ளைக்கும் அத்தகைய வயிற்றுவலி வாராதிருக்க நாம் யாவரும் பொறுப்பேற்போமாக.