நாணயமும் முடிவெடுக்கும் உரிமையும்: ‘ஆர்க்கம் அசைலம்’ சித்திரக்கதையில் குற்றவாளிகளுக்கான மனநல மருத்துவமனை

முன்னுரை

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கியபின், மொழிபெயர்ப்புச் சித்திரக்கதைகள் தமிழ் வாசகர்க்கு நன்கு அறிமுகமாயின. பொழுதுபோக்கு வடிவமாகக் கருதப்படும் சித்திரக்கதை, சட்டமும் மருத்துவமும் சந்திக்கும் சிக்கலான வினாக்களையும் எழுப்ப வல்லது. அதற்குச் சான்றாக, கிராண்ட் மாரிசன் எழுதி டேவ் மெக்கீன் வரைந்து 1989இல் வெளிவந்த ‘ஆர்க்கம் அசைலம்’ என்னும் பேட்மேன் கதையை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதைக்களம்

மனநோயுற்ற குற்றவாளிகளை அடைத்துவைக்கும் ஆர்க்கம் மருத்துவமனை, டென்னிஸ் ஓ’நீல் எழுதிய 1974ஆம் ஆண்டுக் கதையொன்றில் முதன்முதலாக இடம்பெற்றது. எச். பி. லவ்கிராஃப்ட் தம் திகில் கதைகளில் படைத்த கற்பனை நகரின் பெயரே அதற்கு இடப்பட்டது. மாரிசனின் கதையில், ஏப்ரல் முதல் நாளன்று நோயாளிகள் மருத்துவமனையைக் கைப்பற்றுகின்றனர். ஜோக்கரின் அழைப்பை ஏற்றுப் பேட்மேன் தனியே உள்ளே செல்கிறான். தானும் அவ்விடத்திற்கு உரியவனோ என்னும் அச்சம் அவனுக்கு உண்டு.

இதனோடு, மருத்துவமனையை நிறுவிய அமேடியஸ் ஆர்க்கமின் வரலாறும் இணையாகச் சொல்லப்படுகிறது. தம் மனைவியையும் மகளையும் கொன்றவனுக்கே மருத்துவம் செய்யும் அவர், ஓராண்டு கழித்து அதே நாளில் மின்னதிர்ச்சிக் கருவியால் அவனைக் கொல்கிறார். அச்செயல் விபத்தாகக் கொள்ளப்படுகிறது. பின்னர் அவரே அங்கு நோயாளியாகிறார். சிகிச்சைக் கருவி தண்டனைக் கருவியாக மாறும் இவ்விடத்தில், மருத்துவமனைக்கும் சிறைக்கும் இடையிலுள்ள எல்லை அழிகிறது.

நாணயம், பகடை, சீட்டு

கதையின் மையச் சிக்கல் ஹார்வி டென்ட் என்னும் ‘இருமுகன்’ வழியே வெளிப்படுகிறது. முன்னாள் அரசு வழக்கறிஞரான அவன், ஒரு பக்கம் கீறப்பட்ட நாணயத்தைச் சுண்டியே எதையும் முடிவு செய்பவன். மருத்துவர் ரூத் ஆடம்ஸ் நாணயத்தை விலக்கி, ஆறு வாய்ப்புகள் கொண்ட பகடையை முதலில் அளிக்கிறார். பின்னர் எழுபத்தெட்டுச் சீட்டுகள் கொண்ட டாரட் கட்டினை அளிக்கிறார். இரண்டே வழிகளுள் சிக்கிய மனத்தை விரிவாக்குவது அவர் நோக்கம். ஆனால் டென்ட், கழிப்பறைக்குச் செல்வதைக்கூடத் தானே முடிவு செய்ய இயலாத நிலைக்கு ஆளாகிறான். நோக்கம் நல்லதாயினும், சிகிச்சை அவனிடம் எஞ்சியிருந்த செயலாற்றலையும் பறித்துவிடுகிறது.

இறுதியில் பேட்மேன் அந்நாணயத்தை டென்டிடம் திருப்பித் தந்து, தன் உயிரையே அவன் தீர்ப்புக்கு விடுகிறான். கீறல் விழுந்தால் சாவு, விழாவிடில் விடுதலை. நாணயத்தைச் சுண்டிய டென்ட், பேட்மேன் செல்லலாம் என்கிறான். அனைவரும் அகன்றபின், நாணயம் கீறல் பக்கமே காட்டியது வாசகர்க்குத் தெரியவருகிறது. டென்ட் முதன்முறையாகத் தன் விருப்பால் முடிவெடுத்துள்ளான். இது சிகிச்சையின் பயனா, நம்பிக்கை காட்டப்பட்டதன் விளைவா என்பதைக் கதை வெளிப்படச் சொல்லவில்லை. எனினும், நாணயம் மீண்டபின்னரே அம்முடிவு நிகழ்வது இரண்டாம் பொருளுக்கு வலுச்சேர்க்கிறது.

சட்டமும் தமிழகச் சூழலும்

மனநோயால் தன் செயலின் தன்மையை அறிய இயலாதவர் குற்றவாளியாகார் என்னும் கொள்கை, 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவில் இடம்பெற்றது. தற்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பொறுப்பினின்று விடுவிக்கப்பட்டவர் தம்மைக் குறித்து முடிவெடுக்கும் உரிமையையும் இழக்கிறாரா என்பது அடுத்த வினா. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. தகவலைப் புரிந்து, விளைவை உணர்ந்து, முடிவைத் தெரிவிக்கக்கூடியவர் சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் திறனுடையவராகவே கொள்ளப்படுவார். அம்முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுவது ஒன்றே திறனின்மைக்குச் சான்றாகாது.

இவ்வுரிமையின் தேவையைத் தமிழகம் துயரத்தின் வழியே அறிந்தது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலவில்லை. 28 பேர் இறந்தனர். அவர்கள் எக்குற்றமும் இழைத்தவரல்லர். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, நோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதையும், மயக்க மருந்தும் தசைத்தளர்த்தியும் இன்றி மின்னதிர்ச்சி அளிப்பதையும் தடைசெய்கிறது. 103ஆம் பிரிவு, மனநோயுற்ற சிறைவாசிகளின் சிகிச்சை குறித்து விதிக்கிறது.

முடிவுரை

மனநோயையும் வன்முறையையும் பிணைத்துக்காட்டும் அதிநாயகக் கதைமரபு, மனநோயாளர் மீதான அச்சத்தை வளர்க்கக்கூடியது. ‘ஆர்க்கம் அசைலம்’ அம்மரபினின்று முற்றிலும் விடுபடவில்லை. ஆயினும், நோயாளியின் கையில் ஒரு முடிவை ஒப்படைத்து, அவன் அதைக் கருணையோடு எடுப்பதைக் காட்டுவதன்மூலம் அவ்வச்சத்தை உள்ளிருந்தே கேள்விக்குள்ளாக்குகிறது. பாதுகாப்பு என்னும் பெயரால் முடிவெடுக்கும் உரிமையைப் பறிப்பது மருத்துவமாகாது என்பதே இக்கதையின்வழிப் பெறப்படும் கருத்தாகும்.