மலைமேல் வைத்த தகடுகள்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையை உங்களிற் பலர் அறிவீர்கள். ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் அதிகாலையில் ஜீப்புகளில் அவ்வளைவுகளைக் கடக்கிறார்கள். மேலே செல்லச் செல்லக் குளிர் மிகுகிறது. குளிரோடு மிகுவது மற்றொன்றும் உண்டு. அதை உடல் உணர்வதில்லை. அதுவே விண்கதிர்.

சூரிய மண்டலத்துக்கு அப்பாலிருந்து, பெரும்பாலும் புரோட்டான்களாக வரும் இக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பையான்கள் பிறக்கின்றன. அவை சிதைந்து மியூவான்களையும் நியூட்ரினோக்களையும் தருகின்றன. மியூவானின் சராசரி ஆயுள் ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் 2.2 பங்கு. அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் செல்லும். ஆயினும் பல கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த மியூவான்கள் தரையை எட்டுகின்றன. விரையும் பொருளின் காலம் நமக்கு மெதுவாக ஓடுவதாகத் தோன்றும் என்ற ஐன்ஸ்டைன் கொள்கைக்கு இதனினும் எளிய சான்றை நான் அறியேன்.

இத்துகள்களைத் தேடி மலையேறிய பெண்மணி ஒருவர் நம் நாட்டில் இருந்தார். 1913-இல் பிறந்த பிபா சௌதுரி, தேவேந்திர மோகன் போஸுடன் சேர்ந்து, டார்ஜிலிங்கிலும் ஏறத்தாழ 12,000 அடி உயரமுள்ள சந்தக்பூவிலும் புகைப்படத் தகடுகளை மாதக்கணக்கில் வைத்தார். துகள் சென்ற தடம் தகட்டில் புள்ளி வரிசையாகப் பதிந்தது. நுண்ணோக்கியில் அத்தடங்களை அளந்து, எலெக்ட்ரானைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு நிறையுள்ள துகள்கள் அவை என்று இருவரும் கணித்து, 1940-களின் தொடக்கத்தில் வெளியிட்டனர். போர்க்காலம், மேலும் நுட்பமான தகடுகள் இந்தியாவில் கிடைக்கவில்லை. 1947-இல் பிரிஸ்டலில் பவல் குழுவினர் சீரிய தகடுகளைக்கொண்டு பையானையும் மியூவானையும் பிரித்தறிந்தனர். 1950-இல் பவல் நோபல் பரிசு பெற்றார். தகடு கிடைத்திருந்தால் பரிசு இங்கு வந்திருக்கும் என்பார் உண்டு. அவ்வளவு தூரம் நான் செல்லேன். வழி இவர்களுடையது என்பது மட்டும் உறுதி.

பிபா பின்னர்க் கோலார் தங்கச் சுரங்க ஆய்வுகளிலும் பங்குகொண்டார். மலையுச்சியை விட்டுச் சுரங்கம் ஏன்? ஆழ்ந்த பாறை மியூவான்களைத் தடுத்துவிடும். நியூட்ரினோ தடையின்றி ஊடுருவும். இதே காரணம்பற்றியே போடி மேற்கு மலையின் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க மத்திய அரசு 2015-இல் ஒப்புதல் தந்தது. காடும் நீரும் கெடும் என்ற மக்களின் அச்சமும், வழக்குகளும், மாநில அரசின் எதிர்ப்பும் எழுந்தன, கூடம் எழவில்லை.

பிபா 1991-இல் மறைந்தார். 2019-இல் விண்மீன் ஒன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது. ஏப்ரல் மாத முன்னிரவில் போடி வானில் உச்சிக்குச் சற்றுத் தெற்கே அது நிற்கும். வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, தொலைநோக்கி வேண்டும். தொலைவு ஏறத்தாழ 340 ஒளியாண்டு. அதாவது, இன்றிரவு அதிலிருந்து நம்மை அடையும் ஒளி, மதுரையில் நாயக்கர் ஆண்ட நாளில் புறப்பட்டது.