கழுத்தின் உச்சியில் ஓர் ஆபத்து

காலிலிருந்து செருப்பு நழுவி விழுகிறது. நடப்பவருக்கு அது தெரிவதே இல்லை. சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் திணறுகின்றன. நரம்புத் தளர்ச்சி என்று டானிக் வாங்கித் தருகிறார்கள் வீட்டார். சிலர் சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப் போகிறார்கள். ஆனால் இப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கோளாறு கை கால்களில் இல்லை. கழுத்தின் உச்சியில், மண்டையோடு வந்து உட்காரும் இடத்தில் இருக்கிறது.

கழுத்தில் உள்ள எலும்புகள் ஏழு. முதலாவதான அட்லஸ், மோதிரம் போன்றது. இரண்டாவதான ஆக்ஸிஸிலிருந்து பல் வடிவில் ஒரு முளை மேலே நீண்டு, அந்த மோதிரத்துக்குள் அச்சாணியாக நிற்கிறது. தலையை இடம் வலமாகத் திருப்பும் அசைவில் ஏறக்குறைய பாதி இந்த மூட்டிலேயே நடக்கிறது. முளையைப் பிடித்து வைத்திருப்பது ஒரு தசைநார். அதற்குப் பின்னால் விரல் பருமனில் தண்டுவடம். பிடி தளர்ந்தாலோ முளை சரியாக உருவாகாவிட்டாலோ எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறது. சிலருக்கு முளை மேலேறி மண்டையோட்டின் அடித்துவாரத்துக்குள்ளேயே புகுந்துவிடும். மூச்சை இயக்கும் நரம்பு மையங்களும் அங்கேதான் இருக்கின்றன.

இந்தியாவுக்கு இது புதிய நோயல்ல. மும்பை நரம்பியல் நிபுணர் நோஷிர் வாடியா, பிறவியிலேயே இந்த மூட்டு விலகிய 28 நோயாளிகளைப் பற்றி 1967இலேயே எழுதினார். பிறவிக் குறைபாடு தவிர, முடக்குவாதம், எலும்புக் காசநோய், டவுன் சின்ட்ரோம், விபத்து ஆகியவையும் காரணமாகலாம். கழுத்து குட்டையாக இருப்பது, பின்னந்தலை முடி தாழ்ந்து வளர்வது, தலை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது ஆகியவை வெளியே தெரியும் சில தடயங்கள். பல ஆண்டுகள் தொல்லை தராமல் இருந்துவிட்டு, சாதாரணமாக வழுக்கி விழுந்ததில் கை கால் செயலிழந்து போனவர்களும் உண்டு.

கண்டுபிடிப்பது கடினமல்ல. கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயில் அட்லஸுக்கும் முளைக்கும் இடையிலான இடைவெளி தெரியும். பெரியவர்களுக்கு 3 மி.மீட்டருக்கு மேலும், குழந்தைகளுக்கு 5 மி.மீட்டருக்கு மேலும் இருந்தால் சந்தேகம்தான். எலும்பின் அமைப்பை சி.டி. ஸ்கேனும் தண்டுவடத்தின் நிலையை எம்.ஆர்.ஐ.யும் காட்டும்.

சிகிச்சையில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. முன்பு எலும்புகளைக் கம்பியால் கட்டி, இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்து ஒட்டவைப்பார்கள். அழுத்தும் முளையை வாய் வழியாக அகற்றுவதும் உண்டு. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல், இரு எலும்புகளின் பக்கவாட்டிலும் திருகாணி செலுத்தி பிளேட்டால் இணைக்கும் முறையை 1994இல் சக மருத்துவருடன் சேர்ந்து வெளியிட்டார். ஜெர்மனியின் யூர்கன் ஹார்ம்ஸ் 2001இல் பிளேட்டுக்குப் பதில் கம்பித் தண்டைப் பயன்படுத்தினார். இன்று உலகெங்கும் இது கோயல்-ஹார்ம்ஸ் முறை என்றே அறியப்படுகிறது.

ஆனாலும் இது எளிய அறுவை சிகிச்சை அல்ல. திருகாணி செல்லும் பாதைக்குப் பக்கத்திலேயே மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனி ஓடுகிறது. மூட்டு இணைந்தபின் தலையைத் திருப்பும் அளவு வெகுவாகக் குறையும். நெடுநாள் நசுங்கிய தண்டுவடம் முழுமையாக மீளாமலும் போகலாம். அதனால்தான் கால தாமதம் ஆபத்தாகிறது. அதேசமயம், எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும் எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. மூட்டு உறுதியாக இருந்து, நரம்புப் பாதிப்பும் இல்லையென்றால் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதித்து வந்தாலே போதும்.

மூட்டு தளர்ந்திருப்பது தெரிந்தவர்கள் தலையில் சுமை தூக்கக் கூடாது. குட்டிக்கரணம் போடக் கூடாது. வேறு எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழாய் செருகக் கழுத்தை வளைப்பதே தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும். முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பதற்கும் இடம் தரக் கூடாது. ஒரு நொடி சுகத்துக்காக ஆயுள் முழுக்கப் படுக்கையில் கிடக்க நேரலாம்.