அளவைகளின் கதை: மருந்தளக்கும் குழல்

சென்ற வாரம் நெல்லையும் மரக்காலையும் பற்றிப் பேசினோம். அதே முகத்தலளவை மிகவும் அபாயகரமானதொரு பண்டத்தை அளக்கவும் பல நூற்றாண்டுகள் பயன்பட்டு வந்தது. இன்றும் பயன்பட்டு வருகிறது. அப்பண்டம் துப்பாக்கி மருந்து.

வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கரிமருந்தைத் துப்பாக்கியின் முன்வாய் வழியே போட்டுக் கெட்டித்துச் சுட்ட காலத்தில், அதைத் தராசில் நிறுத்துப் போட்டவர் அரிது. பித்தளையாலோ மாட்டுக் கொம்பாலோ ஆன சிறு குழலொன்று வேட்டைக்காரன் இடுப்பில் தொங்கும். அதை நிரப்பிக் கவிழ்த்தால் ஒரு வேட்டுக்கான மருந்து ஆயிற்று. இதை அறியாமை என்று எள்ளுவது அநியாயம். கரிமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்குமேல் புகையாகவும் கசடாகவும் தங்கிவிடுகிறபடியால், எஞ்சியதே வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது. ஆகையால் குழலில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் துப்பாக்கி அதைப் பொறுத்துக்கொள்ளும். பண்டமே பொறுமையுள்ளதாயிருந்தது, அளவையும் அதற்குத் தக்கதாயிருந்தது.

ஆயினும் முகத்தலளவைக்கென்று ஒரு சூட்சுமம் உண்டு. இன்று அடுக்குமாடிகள் நிற்கும் எங்கள் சிட்லபாக்கம், ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமி. படியை வைத்துத் தானியம் அளந்த பெரியவர்களுக்குக் குலுக்கி அளப்பது வேறு, தலைதட்டி அளப்பது வேறு, குவித்து அளப்பது வேறு என்பது பாலபாடம். மருந்தும் அவ்வாறே. குழலைத் தட்டினால் மணிகள் நெருங்கி அதிகம் கொள்ளும். உயரத்திலிருந்து கொட்டினால் ஒரு கணக்கு, சரித்து வார்த்தால் மற்றொரு கணக்கு. ஐப்பசி கார்த்திகையின் ஈரக் காற்றில் கரிமருந்து கட்டிபட்டுவிட்டால் குழல் நிறைந்ததுபோல் தோன்றும். உள்ளே பள்ளம் இருக்கும். எனவே நல்ல கை என்பது ஒவ்வொரு தடவையும் ஒரே விதமாக நிரப்பும் கையே.

பீரங்கிக்காரர்கள் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டார்கள். ஆதியில் நீண்ட காம்புடைய செப்புக் கரண்டியால் மருந்தை அள்ளிப் பீரங்கிக்குள் செலுத்தியவர்கள், பிற்காலத்தில் முன்கூட்டியே நிறுத்துத் துணிப்பைகளில் தைத்து வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ள பரங்கிமலையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பீரங்கிப்படை தங்கியிருந்த காலத்தில் நடப்பிலிருந்தது இந்தப் பை முறைதான்.

விபரீதம் விளைந்தது புகையில்லா மருந்து வந்தபின். பிரான்சு தேசத்தில் பால் வியேய் 1884-இல் அதை உண்டாக்கினார். ஆல்பிரட் நோபல் 1887-இல் பாலிஸ்டைட் என்னும் மருந்துக்கு உரிமை பெற்றார். இம்மருந்துகள் ஏறக்குறைய முற்றிலும் வாயுவாக மாறுபவை. அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறுபவை. இவற்றில் சிறிது மிகுந்தாலும் அழுத்தம் பன்மடங்கு பெருகும். வேட்டைக்காரர் கைகளிலோ பழைய குழல்களே இருந்தன. இந்தச் சங்கடத்தை உணர்ந்த உற்பத்தியாளர் சிலர், ஷூல்ட்சே மருந்தைப்போல, கரிமருந்து பிடிக்கும் அதே இடத்தை நிரப்பும்படியாகத் தம் மருந்தை வேண்டுமென்றே இலேசாகச் செய்து விற்றார்கள். மூன்று டிராம் கரிமருந்து 82 கிரெய்ன் எடையுள்ளது. அதே குழலில் இந்தப் புது மருந்து 42 கிரெய்னே நிற்கும். (ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம், நம்முடைய குன்றிமணியின் எடையில் சுமார் பாதி.) குழலை மாற்றாமலே மருந்தை மாற்றிக்கொள்ள வழி செய்த அவர்களுடைய முன்யோசனையை நான் மெச்சுகிறேன். ஆனால் பாலிஸ்டைட் போன்ற அடர்ந்த மருந்துகளும் அதே கடையில் விற்பனைக்கு வந்தன. அவற்றைப் பழைய குழலால் நிரப்பிச் சுட்டவர்களின் துப்பாக்கிகள் பிளந்தன. விரல்களும் கண்களும் போயின. குழல் மாறவில்லை, அளந்த கையும் மாறவில்லை. உள்ளே விழுந்த பண்டம் மாறியிருந்தது.

நம் நாட்டில் இந்த மாற்றத்தின் பிரத்தியட்ச சாட்சியாக நிற்பது நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை. 1900-களின் தொடக்கத்தில் தோன்றிய அது, 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. கார்டைட் என்பது 1889-இல் ஏபெலும் டூவரும் கண்ட மருந்து. நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் வாசலினும் கலந்து, பிசைந்து, நூல்போல் இழுத்துச் செய்வது. .303 துப்பாக்கித் தோட்டாவில் முதலில் 71 கிரெய்னுக்குச் சற்று மிகுதியான கரிமருந்து இருந்தது. கார்டைட் வந்ததும் ஏறக்குறைய 30 கிரெய்னே போதுமாயிற்று. இழையை எந்தக் குழலில் அளப்பது? அளவாக வெட்டிக் கற்றையாக்கித் தோட்டாக்கூட்டில் செருகியபின்னரே அக்கூட்டின் கழுத்தை ஒடுக்கினார்கள். முகத்தலளவைக்கு அங்கே வேலையே இல்லாமற்போயிற்று.

அத்தோடு குழலின் சரித்திரம் முடிந்துவிட்டதென்று நினைக்கவேண்டாம். 1930-களில் அமெரிக்காவில் தோன்றிய உருண்டை மருந்து, கேழ்வரகினும் சிறிய மணிகளாகத் தடையின்றி ஒழுகுவதால், அதை மறுபடியும் கொள்ளளவால் அளக்க முடிந்தது. தோட்டா ஆலைகளின் பெரிய யந்திரங்கள் இன்றும் குழிகளில் மருந்தை நிரப்பியே அளக்கின்றன. இடையிடையே எடுத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். சொந்தமாகத் தோட்டா நிரப்பச் சட்டம் இடந்தரும் தேசங்களில், மேசைமேல் துப்பாக்கியைக் கிடத்திச் சுடும் பந்தயக்காரர்கள், உலகத்திலேயே மிக நெருக்கமான குறிகளைச் சாதிப்பவர்கள், பலர் திருகிவிடும் உருளை அளவையையே கையாளுகிறார்கள். குச்சி மருந்தாயின் உருளையின் விளிம்பில் குச்சிகள் சிக்கி வெட்டுப்படும். அளவும் சற்றே தடுமாறும். அவர்களும் தராசை விடுவதில்லை. முதல் சில அளவுகளை நிறுத்துப் பார்த்து உருளையைச் சரிசெய்துகொள்கிறார்கள். மருந்துப் புட்டியை மாற்றினால் மீண்டும் நிறுக்கிறார்கள். என் அபிப்பிராயம் இதுவே: கொள்ளளவு வேகத்தையும் ஒழுங்கையும் தரும், அது மெய்யா என்று சொல்லும் அதிகாரம் எடைக்கு மாத்திரமே உண்டு.

நம் தேசத்தில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், முன்வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கிக்குப் பயிர்க் காவலின் பொருட்டு உரிமம் வழங்க இடந்தருகிறது. உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதையோ குற்றமாக்குகிறது. ஆகவே இங்கே இந்தக் கலை சரித்திரமாகவே பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. வாசகர்களில் எவர் வீட்டிலாவது பாட்டனார் காலத்துக் கொம்போ பித்தளைக் குழலோ கிடந்தால், அதைப் பழைய பாத்திரக்காரருக்குப் போட்டுவிட வேண்டாம், அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். அதனோடு மருந்துப் புட்டி ஏதேனும் அகப்பட்டால், திறக்காமலும் குலுக்காமலும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

(தொடரும்)